ஒடுங்கிய கிராங்க், அகன்ற ஃபிரேம்

1970களின் ரோடு சைக்கிள் கிராங்க் (பெடலைத் தாங்கிச் சுற்றும் கை) ஒன்றையும் இன்றைய கிராங்க் ஒன்றையும் மேசை விளிம்பில் அடுத்தடுத்து வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். பழையது அச்சிலிருந்து பெடல் வரை அடிக்கோல் மாதிரி கிட்டத்தட்ட நேராகப் போகும். புதியது அச்சை விட்டுக் கிளம்பியதுமே வெளிப்பக்கம் சாய்ந்து, இடுப்பில் கைவைத்து நிற்பவரின் முழங்கை மாதிரி விலகிக்கொண்டே போகும். பழைய கிராங்கைத் தேடி அலைபவர்கள் தேடுவது அந்த நேர்க்கோட்டைத்தான். பளபளப்புக்காகத் தேடுபவர்களும் உண்டு. அவர்கள் கதை வேறு.

இடது கிராங்கின் வெளிமுகத்திலிருந்து வலது கிராங்கின் வெளிமுகம் வரை, பெடல் திருகும் இடத்தில் அளந்தால் வரும் அகலத்துக்கு ‘கியூ ஃபேக்டர்’ என்று பெயர். ஆங்கிலத்தில் முன்பு இதை ‘டிரெட்’ என்று சொல்லிவந்தார்கள். பிரிட்ஜ்ஸ்டோன் சைக்கிளின் அமெரிக்கக் கிளையில் வேலைபார்த்த கிராண்ட் பீட்டர்சன் வைத்த புதுப்பெயர்தான் நிலைத்தது. ‘கியூ’ என்பது ‘குவாக்’, அதாவது வாத்தின் கத்தல். கால் அகன்று மிதித்தால் வாத்து நடை மாதிரி இருக்கிறது என்ற கிண்டல் அதில் இருக்கிறது. பேர் வைத்தவர் எந்தக் கட்சி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணில் பார்த்தால், முன்னால் இரண்டு பல்சக்கரம் உள்ள பழைய ரோடு கிராங்குகள் பெரும்பாலும் 135 முதல் 140 மி.மீ. வரை. இன்றைய ரோடு கிராங்குகள் 145 முதல் 150 மி.மீ. மலைச் சைக்கிளுக்குப் போனால் 165ஐத் தாண்டி 180 வரைகூட விரியும். ஆக, பழைய கிராங்கை மாட்டுவதால் ரோடு சைக்கிளில் கிடைக்கும் லாபம் மொத்தமாகச் சுமார் 10 மி.மீ.; ஒரு காலுக்கு 5 மி.மீ. இந்த ஐந்து மில்லிமீட்டருக்காகத்தான் இத்தனை பாடும்.

அந்தப் பத்து மில்லிமீட்டர் எங்கே போனது? கிராங்க் செய்தவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து ‘அகலமாக்குவோம்’ என்று முடிவெடுக்கவில்லை. தொடக்கம் பின்சக்கரத்தில் இருக்கிறது. ஐந்து கியர் காலத்தில் பின் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) அகலம் 120 மி.மீ. ஆறு, ஏழு கியர் வந்தபோது 126 ஆனது. எட்டு கியரோடு 130. டிஸ்க் பிரேக் வந்ததும் 135, அப்புறம் தடித்த அச்சோடு 142. கடைசித் தாவலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 142இல் கூடுதலாக உள்ள 7 மி.மீ. ஹப் ஃபிரேமுக்குள் உட்காரும் பள்ளத்துக்காகத்தான். கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) இருக்கும் இடம் 135இல் இருந்த அதே இடம். ஆனால் 130இலிருந்து 135க்குப் போனபோது கேசட் 2.5 மி.மீ. வெளியே நகர்ந்தது உண்மை. பின்னால் கேசட் நகர்ந்தால் முன்னால் பல்சக்கரமும் கூடவே நகர வேண்டும், இல்லையென்றால் செயின் கோணலாக ஓடும். பல்சக்கரம் வெளியே வந்தால் அதைத் தாண்டிப் போகும் கிராங்க் கையும் வெளியே போகும். ஷிமானோ, சரளைச் சாலைச் சைக்கிள்களுக்கான தன் ஜிஆர்எக்ஸ் வரிசையில் செயின் கோட்டை (நடுக்கோட்டிலிருந்து செயின் ஓடும் தூரம்) 2.5 மி.மீ. வெளியே தள்ளியபோது கியூ ஃபேக்டர் 151 மி.மீ. ஆனது இப்படித்தான்.

இரண்டாவது காரணம் பேரிங். பருத்தி மொட்டு மாதிரி நுனி ஒடுங்கும் சதுர அச்சை ஸ்ட்ராங்லைட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1933இல் கொண்டுவந்தது. அதில் பேரிங்குகள் ஃபிரேமின் அச்சுக்கூட்டுக்கு (கிராங்க் அச்சு சுழலும் குறுக்குக் குழாய்) உள்ளேயே இருந்தன. கூட்டின் அகலம் 68 மி.மீ., இத்தாலிய அளவில் 70. கூட்டுக்கு வெளியே எதுவும் இல்லாததால் கிராங்கின் அடிப்பகுதி ஃபிரேமை ஒட்டி உட்கார இடம் இருந்தது. 2003 வாக்கில் ஷிமானோவின் டூரா-ஏஸ் 7800 வரிசை வந்தபோது அச்சு 24 மி.மீ. தடிமனுள்ள குழாயாகி, பேரிங்குகள் கூட்டுக்கு வெளியே போயின. விறைப்பு கூடியது, கழற்றி மாட்டுவதும் எளிதானது. ஆனால் கிராங்கின் அடிப்பகுதி குடியிருந்த இடத்தைப் பேரிங் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்து வந்த கார்பன் ஃபிரேம்களில், வெளியே போன பேரிங்கையும் உள்ளடக்குகிற மாதிரி கூட்டையே வளர்த்துவிட்டார்கள். பிபி86 என்று சொல்லும் கூட்டின் அகலம் 86.5 மி.மீ. கூடு அகன்றதும் அதிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் செயின்ஸ்டே குழாய்களும் அகலத்தில் தொடங்கிப் பருத்தன. அகன்ற டயருக்கும் இடம் கிடைத்தது.

அதனால் பழைய கிராங்கின் ஒடுக்கம் அந்தக் கிராங்கின் தனிக் குணம் அல்ல. 120 மி.மீ. ஹப், மெல்லிய எஃகுக் குழாய், உள்ளே பேரிங், ஒல்லி டயர் என்ற முழு சைக்கிளின் குணம். அதில் கிராங்கை மட்டும் உருவிக்கொண்டு வந்து புதிய ஃபிரேமில் மாட்டுவது, ஜோடிச் செருப்பில் ஒன்றை மட்டும் வாங்கிவருவது போன்றது. மற்றொரு கால் என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சரி, இவ்வளவு மெனக்கெட்டால் காலுக்கு என்ன கிடைக்கும்? ஒடுக்கத்தின் பெரிய விளம்பரதாரர் கிரேம் ஓப்ரீ. ஸ்காட்லாந்துக்காரர். கால்கள் இரண்டும் நெருங்கி ஓட வேண்டும் என்பதற்காகச் சலவை இயந்திரத்தின் பேரிங்கைப் போட்டுத் தானே அச்சு அமைத்து, முழங்கால் இடிக்கக் கூடாது என்று மேல்குழாயையே எடுத்துவிட்டு ஒரு சைக்கிள் கட்டினார். 1993 ஜூலை 17 அன்று நார்வேயின் ஹாமர் நகரத்து ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டி உலகச் சாதனை படைத்தார். ஆனால் அந்தச் சைக்கிளில் காற்றை வெட்டும் புது உடல்நிலையும் இருந்தது. வெற்றியில் கியூ ஃபேக்டரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஆய்வகத்தில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் டிஸ்லி, லீ என்ற இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 90, 120, 150, 180 மி.மீ. என நான்கு அகலங்களில் ஓட்டுநர்களை மிதிக்க வைத்தார்கள். 90, 120 இரண்டிலும் உடலின் செயல்திறன் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒடுக்கக் கட்சிக்காரர்கள் இதை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் நாம் பேசுவது 147க்கும் 137க்கும் உள்ள வேறுபாடு. அந்த இரண்டு எண்ணும் 120க்கும் 150க்கும் நடுவில், அவர்கள் அளக்காத இடைவெளியில் விழுகின்றன. ‘ஒடுக்கம் கெடுதல் செய்யாது, சிறிது நல்லதாக இருக்கலாம்’ என்பதற்கு மேல் அந்த ஆய்விலிருந்து ரோடு சைக்கிளுக்கு எதையும் இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஓட்டுபவரின் உடல் சொல்வது வேறு விஷயம். இடுப்பு ஒடுங்கியவர்கள், மிதிக்கும்போது முழங்கால் உட்பக்கம் மடிந்து வருபவர்கள், சிலர் ஐந்து மில்லிமீட்டரையும் உடனே உணர்வார்கள். நேர்மாறாக, பாதம் இயல்பாகவே வெளிப்பக்கம் திரும்பியிருப்பவருக்கு ஒடுங்கிய கிராங்க் தொல்லைதான். ஒவ்வொரு சுற்றிலும் குதிகால் கிராங்கை உரசும், இல்லையென்றால் செயின்ஸ்டேயில் இடிக்கும். பழைய கிராங்க் எல்லோருக்கும் நல்லது என்று யாராவது சொன்னால் அவருடைய செருப்புத் தேய்ந்த விதத்தைப் பாருங்கள், காரணம் தெரியும்.

இனி ஃபிரேம். இங்கேதான் பாதிப் பேரின் திட்டம் முடிந்துவிடும். உங்கள் ஃபிரேமில் மரையுள்ள 68 மி.மீ. கூடு இருந்தால் அதிர்ஷ்டம். சதுர அச்சு பொருத்திய பேரிங் தொகுதி நேரடியாகத் திருகி உட்காரும். வலப்பக்கக் கப்பு இடம்புரி மரை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பிபி30 என்ற வகைக் கூட்டில் மரை கிடையாது, ஆனால் அகலம் அதே 68 மி.மீ.தான். உள்ளே மரைகொண்ட குழாய் ஒன்றை ஒட்டவைத்து இறக்கிப் பழைய அச்சைப் போட முடியும். பிரஸ்ஃபிட்30க்கும் இதே வழி உண்டு. பிபி86இல் கதவு மூடியாயிற்று. பைக்கின் நடுக்கோட்டிலிருந்து 68 மி.மீ. கூட்டின் விளிம்பு 34 மி.மீ. தள்ளி இருக்கிறது; 86.5 கூட்டின் விளிம்போ 43 மி.மீ.க்கு மேல். இடையில் உள்ள ஒன்பது மில்லிமீட்டரில்தான் பழைய கிராங்கின் அடிப்பகுதி உட்கார்ந்திருந்தது. அச்சை நீட்டி அதைத் தாண்டினால் கிராங்க் வெளியே போய்விடும், ஒடுக்கமும் போய்விடும். பிறகு எதற்கு இந்தப் பிழைப்பு?

கூடு சரியாக இருந்தாலும் செயின்ஸ்டே ஒத்துழைக்க வேண்டும். இதை அளக்கச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. நடுக்கோட்டிலிருந்து பழைய கிராங்கின் வெளிமுகம் ஏறக்குறைய 68 மி.மீ. தள்ளி வரும். பெடல் முனையில் கையின் தடிமன் சுமார் 13 மி.மீ. கழித்தால் உள்முகம் 55 மி.மீ. அச்சின் மையத்திலிருந்து கிராங்கின் நீளமான 170 மி.மீ. தூரத்தில், செயின்ஸ்டேயின் வெளிப்பக்கம் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். 55க்கும் அதற்கும் இடையில் மூன்று, நான்கு மில்லிமீட்டராவது வேண்டும். நின்று மிதித்து ஏறும்போது ஃபிரேமும் அச்சும் வளைகின்றன. ஸ்டாண்டில் நிறுத்தி இடிக்காமல் சுற்றிய கிராங்க் மேட்டில் உரசும். சந்தேகம் இருந்தால் செயின்ஸ்டேயின் பக்கவாட்டில் காகித டேப்பை ஒட்டிவிட்டு ஒரு நல்ல ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள். டேப்பில் கீறல் விழுந்திருந்தால், அந்த ஜோடி பொருந்தாது. கார்பன் குழாயில் அந்தக் கீறலை விழவிட்டுக் கற்றுக்கொள்வது விலை உயர்ந்த பாடம்.

செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் முன் டெரெய்லருக்கும் இதே நெருக்கடி. இரட்டைப் பல்சக்கரத்துக்கு வழக்கமான செயின் கோடு நடுக்கோட்டிலிருந்து 43.5 மி.மீ. பெரிய பல்சக்கரம் ஏறக்குறைய 47இல் வரும். கிராங்கின் உள்முகம் 55 என்றால், நடுவில் மிச்சம் எட்டு மில்லிமீட்டர். அதில் செயினின் பாதி அகலம் கிட்டத்தட்ட மூன்று. மீதியில் டெரெய்லர் கூண்டின் வெளித்தகடு இருக்க வேண்டும். செயினைப் பெரிய சக்கரத்துக்கு ஏற்றும்போது அது இன்னும் வெளியே துள்ளவும் வேண்டும். பழைய டெரெய்லரின் தகடு ஒற்றைத் தகரம், சமாளித்துவிடும். இன்றைய டெரெய்லர்களின் கூண்டு மடிப்பும் மேடுமாகத் தடித்தது. கிராங்க் கை வரும்போது ‘டிக் டிக்’ என்று தட்டும். டெரெய்லர் எவ்வளவு தூரம் நகரலாம் என்று கட்டுப்படுத்தும் எல்லைத் திருகை இறுக்கித் தட்டலை நிறுத்தினால் செயின் பெரிய சக்கரத்துக்கு ஏற மறுக்கும். கிளிக் இல்லாத பழைய உராய்வு லிவர் வைத்திருப்பவர்கள் கையால் சரிக்கட்டிக்கொள்வார்கள். மின்சார கியர் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்து அச்சின் சதுரம். பார்த்தால் எல்லாச் சதுரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சரிவும் ஒன்றுதான், பக்கத்துக்கு 2 பாகை. ஆனால் ஐஎஸ்ஓ, ஜேஐஎஸ் என்று இரண்டு தர அளவுகள் உண்டு. ஐஎஸ்ஓ அச்சின் நுனி இன்னும் கொஞ்சம் ஒல்லியாக முடியும். ஜேஐஎஸ் அதற்கு முன்பே வெட்டப்பட்ட மாதிரி தடித்து நிற்கும். காம்பனோலோ ஐஎஸ்ஓ கட்சி, ஷிமானோவும் சுகினோவும் ஜேஐஎஸ். காம்பனோலோ கிராங்கை ஜேஐஎஸ் அச்சில் ஏற்றினால் ஒரு பக்கத்தில் சுமார் 4.5 மி.மீ. வெளியிலேயே நின்றுவிடும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் 9 மி.மீ. நாம் துரத்திக்கொண்டு வந்த லாபமே 10 மி.மீ. என்பதை நினைவில் வையுங்கள். அதோடு, குறைந்த ஆழத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் கிராங்க் நாளடைவில் தளரும். மாறாக ஜேஐஎஸ் கிராங்கை ஐஎஸ்ஓ அச்சில் போட்டால் அதே அளவு உள்ளே போகும். அச்சின் முனை கிராங்கின் துளைக்குள் ஆழமாக ஏறிப் போல்ட் முட்டிக்கொண்டால் இறுக்கமே கிடைக்காது. பலமுறை கழற்றி மாட்டிய பழைய கிராங்கின் துளையும் விரிந்திருக்கும், அதுவும் புத்தகத்தில் சொன்னதைவிட ஆழமாக உட்காரும். அதனால் அச்சின் நீளத்தை அட்டவணையில் பார்த்து வாங்குவதைவிட, அந்தக் கிராங்கையே ஓர் அச்சில் ஏற்றிப் பார்த்து அளப்பது மேல்.

கழற்றும் கருவியும் ஒன்றல்ல. பெரும்பாலான கிராங்குகளில் அந்தக் கருவி திருகும் மரை 22 மி.மீ. டிஏ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய கிராங்குகளில் 23, பழைய ஸ்ட்ராங்லைட்டில் 23.35. சாதாரணக் கருவியை ஸ்ட்ராங்லைட்டில் திருகி ‘பிடித்துவிட்டது’ என்று நம்பி இழுத்தால், கிராங்க் அச்சிலேயே இருக்கும், மரை மட்டும் கருவியோடு சுருள்சுருளாக வரும். பழைய பிரெஞ்சுக் கிராங்கில் பெடல் மரையும் 14 மி.மீ.; இன்றைய பெடல்கள் 9/16 அங்குலம், அதாவது 14.3 மி.மீ. தட்டுப்படாமல் இரண்டு சுற்று நுழைந்து பிறகு இறுகும். அந்த இடத்தில் பலத்தைக் காட்டக் கூடாது.

கியரைப் பொறுத்தவரை காலம் பழைய கிராங்குக்கு நல்லதே செய்திருக்கிறது. 1967க்குப் பிறகு வந்த பழைய காம்பனோலோ ரெக்கார்டு கிராங்குகளில் ‘போல்ட் வட்டம்’, அதாவது பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம், 144 மி.மீ. அதில் நடைமுறையில் 42 பல்லுக்குக் கீழே போவது கடினம். அன்றைக்குப் பின்னால் 28 பல் போட்டாலும் விகிதம் 1.5, ஏற்றத்தில் முழங்காலைக் கேட்கும். இன்றைய கேசட்டில் 34 பல் சாதாரணம். 42க்கு 34 என்றால் 1.24தான். பழைய டிஏ கிராங்கின் 50.4 மி.மீ. போல்ட் வட்டத்திலோ 26 பல் சக்கரம்கூட மாட்டலாம், எந்த மேடும் ஏறும்.

சிக்கல் செயினில். பழைய இரட்டைச் சக்கரங்களின் இடைவெளி, அன்றைய அகன்ற செயினுக்காக வைத்தது. இன்றைய 11 கியர் செயினின் வெளி அகலம் சுமார் 5.5 மி.மீ.; ஏழு, எட்டு கியர் செயின் 7க்கு மேல். ஒல்லிச் செயின் பெரிய சக்கரத்திலிருந்து இறங்கும்போது சின்ன சக்கரத்தின் பல்லில் உட்காராமல் இரண்டுக்கும் நடுவில் விழுந்து, பல்லின் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே ஓடும். கால் திடீரென்று காற்றில் மிதிக்கும். இடையில் உள்ள வாஷரை மெல்லியதாக மாற்றினால் இது நிற்கும். ஆனால் சின்ன சக்கரத்தில் ஓடும் செயின் பெரிய சக்கரத்தின் உட்பக்கத்தில் உரசத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைப் பிடிக்க வேண்டும். அது வாஷரும் பொறுமையும் கொண்டு செய்கிற வேலை. பழைய சக்கரங்களில் செயினைத் தூக்கிவிடும் சரிவும் குமிழும் கிடையாது, எல்லாப் பல்லும் ஒரே உயரம்; ஏறுவதும் நிதானமாகத்தான் ஏறும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று முன்னால் ஒரே சக்கரத்தோடு ஓட்டுபவர்களுக்கு மேலே சொன்ன டெரெய்லர் நெருக்கடியும் தீர்ந்துவிடுகிறது. பழைய கிராங்குக்கு அதுதான் பொருத்தமான வாழ்வு என்று எனக்குத் தோன்றுகிறது.

வாங்கும் முன் ஒரு சோதனையைத் தவறவே விடக் கூடாது. அலுமினியத்துக்கு எஃகு மாதிரி களைப்பு வரம்பு கிடையாது; சின்னச் சுமைகூட ஐம்பது வருடம் திரும்பத் திரும்ப விழுந்தால் எங்கோ ஓரிடத்தில் மயிரிழை விரிசலைத் தொடங்கும். பழைய காம்பனோலோ ரெக்கார்டு கிராங்குகளில் அந்த இடம் எல்லோருக்கும் தெரிந்ததே: வலது கையும், பல்சக்கரத்தைத் தாங்கும் ஐந்து கரங்களில் அதை ஒட்டியுள்ள கரமும் சேரும் கூர்மையான மூலை. பெடல் துளையைச் சுற்றியும், சதுரத் துளையின் மூலைகளிலும் பார்க்க வேண்டும். அழுக்கைக் கரைப்பானால் முழுக்கத் துடைத்துவிட்டு, சிவப்புச் சாய ஊடுருவி திரவத்தைத் தடவி, சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வரும். வெறும் கண்ணுக்குக் கீறல் மாதிரித் தெரிவது விரிசலா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். கோடு வந்தால் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், சைக்கிளில் மாட்டக் கூடாது. உடல் கனத்தவர்களும், நின்று வேகமெடுப்பவர்களும் கோடு வராத கிராங்கையும் யோசித்தே மாட்டுவது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு மனம் கேட்கவில்லை என்றால், கிராங்க் தேடும் முன் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. கால் நிற்கும் அகலத்தைக் கிராங்க் மட்டும் தீர்மானிப்பதில்லை. பெடல் அச்சின் நீளமும், ஷூவின் அடியில் பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் இருக்கும் இடமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஷிமானோ ரோடு பெடலை வழக்கமான அளவைவிட 4 மி.மீ. நீண்ட அச்சோடும் விற்கிறார்கள். உங்களிடம் இருப்பது நீண்டதா என்று முதலில் பாருங்கள். பிறகு கிளீட்டைத் தளர்த்தி, ஷூவின் வெளிவிளிம்பு பக்கம், அதாவது சுண்டுவிரல் பக்கம் நகர்த்துங்கள். கிளீட் வெளியே போனால் பாதம் உள்ளே வரும். முதல் தடவை செய்கிற பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ‘ஒடுக்கம் எனக்கு ஒத்துவரவில்லை’ என்பார்கள். காலுக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கிடைக்கும். கிராங்க் தரப்போவதில் பாதி. இரண்டு வாரம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். முழங்காலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றால் அந்தக் கிராங்கை வேறு யாராவது வாங்கிப் போகட்டும். தெரிந்தது என்றால், காலிப்பரை எடுத்துக்கொண்டு செயின்ஸ்டேயில் 170 மி.மீ. எங்கே வருகிறது என்று குறித்துவிட்டு வாருங்கள்.